வாசகர் கேள்வி – பதில்: சாபம் பெற்றவனும் வீணை மீட்டுபவளும்

இசையில் வல்ல ஒரு மனிதப் பிறவியும் சாபம் பெற்ற ஓர் அமானுடப் பிறவியும் காதல் கொள்ளும் கதைகளை இளையவர்கள் இவ்வளவு விரும்பி வாசிப்பது ஏன் என்று ஒருவர் கேட்டதற்குச் சென்ற இதழில் சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தேன். அதையொட்டிக் கொழும்பின் பல பகுதிகளிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. அப்படிப்பட்ட கதைகளை எழுதிக்கொண்டிருப்பவர்களும், தம் பிள்ளைகள் வாசிப்பதைக் கண்டு கவலைப்படுபவர்களும் எழுதியிருக்கிறார்கள். இம்மாதப் பகுதியை முழுவதும் அவர்களுக்கே ஒதுக்குகிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி: நான் எழுதும் குறுநாவலில், வீணை பயிலும் ஒரு பெண்ணும் சாபத்தால் மண்ணில் தங்கிவிட்ட ஒரு கந்தருவனும் காதலிக்கிறார்கள். வாசித்த சிநேகிதிகள், இது ஆங்கிலத் தொடர்களைப் பார்த்து எழுதியது, தமிழில் இதற்கு வேர் இல்லை என்கிறார்கள். அது உண்மையா ஐயா?

உண்மையன்று, பிள்ளை. தொல்காப்பியத்தின் களவியலைத் திறந்தால் முதல் நூற்பாவிலேயே உங்கள் கந்தருவன் நிற்கிறான். ஊரறியாமல் கூடும் காதலரின் இயல்பு எத்தகையது என்று சொல்ல வந்த ஆசிரியர், 'துறையமை நல்யாழ்த் துணைமையோர் இயல்பே' என்று அந்த நூற்பாவை முடிக்கிறார். நல்ல யாழைத் துணையாகக் கொண்ட கந்தருவரின் கூட்டத்தைப் போன்றது களவு என்பது கருத்து. மானுடக் காதலுக்கு இலக்கணம் வகுக்கும் இடத்திலேயே இசையும் அமானுடமும் சேர்ந்து வந்துவிட்டன.

சிலப்பதிகாரம் உங்கள் கதைக்கு இன்னும் நெருங்கியது. பள்ளிக்கூடத்தில் நாம் மாதவியைப் பெரும்பாலும் கண்ணகியின் வாழ்வில் குறுக்கிட்டவளாகவே படித்தோம். இளங்கோவடிகள் அவளுக்கு வைத்திருக்கும் குலவரலாறோ மிகப் பெரியது. இந்திரன் அவையில் உருப்பசி என்னும் ஊர்வசி ஆடும்போது அவளும் இந்திரன் மகனும் ஒருவர்மேல் ஒருவர் மனம் வைத்ததால் ஆட்டம் பிசகுகிறது, நாரதனின் வீணையும் தன் மங்கலத்தை இழக்கிறது, அவள் மண்ணில் போய்த் தங்கட்டும் என்ற சாபம் பிறக்கிறது. கடலாடு காதையில், இந்திரவிழாக் காண வெள்ளிமலையிலிருந்து வந்த விஞ்சையன் (வித்தியாதரன்) ஒருவன் தன் காதலிக்குப் புகார் நகரைக் காட்டிக்கொண்டு வரும்போது, அப்படிச் சாபம் பெற்றவளின் வழியில் தோன்றியவளே இந்த மாதவி என்று சுட்டிக் காட்டுகிறான்.

அந்த வழியில் வந்தவள்தான் பிறகு புகார்க் கடற்கரையில் யாழைச் சுருதி கூட்டிக் கோவலன் கையில் கொடுக்கிறாள். அவன் காவிரியைப் பாடுகிறான், கானலில் கண்ட ஒரு பெண்ணைப் பாடுகிறான். அவன் மனத்தில் வேறொருத்தி இருக்கிறாள் என்று எண்ணிய மாதவி, யாழை வாங்கித் தானும் வேறு குறிப்பு உடையவள் போலப் பாடுகிறாள். அவன் அதை மெய்யென்று நம்பி எழுந்து போய்விடுகிறான். 'யாழிசைமேல் வைத்துத்தன் ஊழ்வினைவந் துருத்ததாகலின்' என்கிறார் இளங்கோ. வானுலகில் காதல் இசையைக் கெடுத்ததற்காகச் சாபம் வந்தது. மண்ணுலகில் இசையே காதலைக் கெடுத்துவிட்டது. சாபத்துக்கும் பாட்டுக்கும் காதலுக்கும் இடையில் இத்தனை இறுக்கமான முடிச்சைப் போட்ட வேறு கதை இருந்தால் உங்கள் சிநேகிதிகளைக் காட்டச் சொல்லுங்கள்.

எழுதுகிறவர் என்ற முறையில் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இன்னொன்றும் உண்டு. கோவலன் போன பிறகு, வேனிற்காதையில், மாதவி மேல்மாடத்தில் தனியே அமர்ந்து யாழெடுத்துப் பாடுகிறாள். பன்னிரண்டு வயதில் அரங்கேறி 1008 கழஞ்சுப் பொன் பரிசு பெற்ற அவளுக்கு அன்று பாட்டு மயங்கிப் பிசகிவிடுகிறது. பெரிய கலைஞருக்கு மனம் உடைந்தால் அது முதலில் கைத்தொழிலில் தெரியும் என்பதை இளங்கோ அறிந்திருந்தார். உங்கள் நாயகியின் துயரத்தையும் கண்ணீரில் தேடாமல் அவள் விரலில் தேடுங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகர்: என் சிறுகதையின் முடிவில் நாயகி வீணை வாசித்ததும் சாபம் நீங்கி நாயகன் மனிதனாகிவிடுகிறான். என் அண்ணன் வாசித்துவிட்டு, சப்பென்று முடிகிறது என்கிறார். எங்கே பிழை?

அண்ணர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், தம்பி. உங்கள் சாபத்துக்குச் சட்டம் இல்லை. யார் கொடுத்தார், எதற்காகக் கொடுத்தார், எது வரைக்கும் கொடுத்தார் என்பவை தெரியாத சாபம் எப்போது நீங்கினாலும் வாசகருக்கு ஒன்றுதான்.

மணிமேகலையில் வரும் காயசண்டிகையைப் பாருங்கள். வித்தியாதரப் பெண்ணான அவள் கணவன் காஞ்சனனோடு பொதியில் மலைக்கு வருகிறாள். அங்கே விருச்சிக முனிவர், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பழுக்கும் ஒற்றை நாவற்பழத்தைத் தேக்கிலையில் வைத்துவிட்டு நீராடப் போயிருக்கிறார். அவள் அதைக் காலால் மிதித்துச் சிதைத்துவிடுகிறாள். முனிவர் இட்ட சாபத்தில் அளவு பிசகாத ஒரு நியாயம் இருக்கிறது: தான் பட்டினி கிடக்கப் போகும் பன்னிரண்டு ஆண்டுகளும் அவளும் யானைத்தீ என்னும் அடங்காப் பசியோடு கிடக்க வேண்டும், வானில் பறக்கும் மந்திரமும் அவளுக்கு மறந்துபோக வேண்டும். காஞ்சனன் அவளைக் கைவிடவில்லை. புகாரில் இந்திரவிழா நடக்கும்போது வந்து பார்த்து, அவள் பசியைக் கண்டு இரங்கி, இன்னும் எத்தனை ஆண்டு என்று எண்ணிக்கொண்டு திரும்பிப் போகிறான். சாபம் பெற்றவளைக் காதலிப்பது என்றால் என்னவென்று அந்த எண்ணிக்கை ஒன்றே சொல்லிவிடுகிறது.

மணிமேகலையின் அமுதசுரபியிலிருந்து ஒரு பிடி சோறு கிடைத்ததும் அவள் பசி தீர்கிறது. உங்கள் கதை அந்த இடத்தில் முடிந்திருக்கும். மணிமேகலையை இயற்றிய சாத்தனாரின் கதை அங்கேதான் பயங்கரமாகிறது. மனைவி விடுபட்டுப் பறந்துபோனதை அறியாமல் காஞ்சனன் புகாருக்கு வந்து தேடுகிறான். அவளோ விந்தமலைக்கு மேலே பறக்கும்போது அம்மலையைக் காக்கும் விந்தாகடிகையின் வயிற்றுக்குள் போய்விட்டாள். சாபம் நீங்கிய நாளே இருவரும் முற்றாகப் பிரிந்த நாள். உங்கள் கதையை இப்படித் துயரத்தில் முடிக்கும்படி நான் சொல்லவில்லை. விடுதலை ஒன்றைக் கொடுக்கும்போது மற்றொன்றை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் யோசனை. மனிதனாகிவிட்ட உங்கள் நாயகனுக்கு அவள் வாசிப்பில் முன்பு கேட்டவை எல்லாம் இனியும் கேட்குமா? அவளுடைய வீணைக்கு அவனைப் போன்ற செவி இனி எங்கே கிடைக்கும்? அந்தக் கேள்வியிலிருந்து கடைசிப் பக்கத்தைத் திருப்பி எழுதிப் பாருங்கள்.

நம் நாட்டுக் கதையே வேண்டுமென்றால் யாழ்ப்பாண வைபவமாலையைத் தேடி வாசியுங்கள். குதிரை முகத்தோடு துன்புற்ற சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி, கீரிமலையில் நீராடி அம்முகம் நீங்கப் பெற்று, மாவிட்டபுரத்தில் முருகனுக்குக் கோயில் எடுத்து, உக்கிரசிங்க மன்னனை மணக்கிறாள். யாழ் வாசித்து மன்னனை மகிழ்வித்து மணற்றிடர் என்ற நிலத்தைப் பரிசாகப் பெற்ற யாழ்பாடியின் கதையையும் அதே நூல்தான் சொல்கிறது. வேற்றுமுகம் கொண்ட இளவரசியும் யாழ்பாடியும் அந்நூலில் சந்திப்பதில்லை. ஒரு கதாசிரியருக்கு அதைவிட வேறு என்ன அழைப்பு வேண்டும்?

தெஹிவளையிலிருந்து ஒரு வாசகி: இக்காலக் கொழும்பில் நடக்கும் கதையில் நாயகி யாழ் வாசிப்பதாக எழுதலாமா? வீணைதான் பொருத்தமா?

வீணையே பொருத்தம். யாழ் நம் வழக்கிலிருந்து மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகின்றன. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் பல்லாண்டு உழைத்து அதன் இலக்கணத்தை மீட்டு எழுதிய யாழ் நூல் 1947இல் வெளிவந்தது. அதை வாசித்தால் வேறுபாடு விளங்கும். யாழில் ஒவ்வொரு நரம்பும் ஒரு சுரத்துக்கு உரியது. வீணையிலோ 24 மெட்டுகளின்மேல் ஒரே தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகலாம். காதல் காட்சிக்கு அந்த இழுப்பு உதவும்.

எழுதுமுன் ஒரு வீணையை அருகில் வைத்துப் பாருங்கள். மெட்டுகள் கறுத்த மெழுகின்மேல் பதிக்கப்பட்டிருக்கும். வெக்கையில் மெழுகு இளகினால் மெட்டு அசைந்து சுரம் பிசகும். காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கமாக உள்ள வீடுகளில் உப்புக்காற்றுப் பட்டுச் சாரணித் தந்தி துருப்பிடிக்கும். இத்தகைய இரண்டு செய்திகள் கதையில் இருந்தால் நாயகி வீணை வாசிப்பவள் என்று வாசகர் நம்புவார். 'தெய்வீக இசை' என்று பத்துத் தடவை எழுதினாலும் நம்பமாட்டார். வீணையின் தலைப்பில் யாளி முகம் செதுக்கப்பட்டிருப்பதையும் மறக்க வேண்டாம். அமானுடப் பிறவி ஒன்று வாசிப்பவளின் தோளருகில் எப்போதும் இருந்துகொண்டுதான் இருக்கிறது.

மருதானையிலிருந்து ஒரு வாசகர்: என் கதையில் ஒரு பாடகியின் குரலைக் கேட்டுப் பேய் ஒன்று தேடி வருகிறது. பேய்க்கு இசை பிடிக்கும் என்று எழுதுவது நம் மரபுக்குப் பொருந்துமா?

உங்களுடைய கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் மரபு இங்கே இரண்டு பக்கமும் பேசுகிறது.

புறநானூற்றின் 281ஆம் பாட்டில் போரில் புண்பட்டுக் கிடக்கும் கணவனைக் காக்க மனைவி தோழியை அழைக்கிறாள். வீட்டில் இரவ இலையையும் வேப்பிலையையும் செருகி, வெண்சிறுகடுகு தூவி, ஆம்பற்குழல் ஊதி, மணி அடித்து, நறும்புகை எழுப்பி, யாழும் பல வாத்தியங்களும் ஒலிக்கக் காஞ்சிப் பண்ணைப் பாடிக் காப்போம் வா என்கிறாள். அந்தப் பாட்டும் யாழும் புண்ணைத் தீண்ட வரும் பேயைத் தடுப்பதற்காக. இந்த மரபின்படி உங்கள் பாடகி வாய் திறந்தால் பேய் விலகி ஓட வேண்டும். அப்படியிருந்தும் அது வருகிறது என்றால் அது வலியைத் தாங்கிக்கொண்டு வருகிறது என்று பொருள். கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது: அவள் நன்றாகப் பாடப் பாட அது நெருங்க முடியாது, அவள் பாடாவிட்டால் அது வருவதற்குக் காரணமே இல்லை.

மறுபக்கத்தில் அசுணம் இருக்கிறது. மலைக்குகையில் வாழ்வதாகச் சங்கப் புலவர்கள் சொல்லும் இந்த உயிர், யாழ் என்று நினைத்து வண்டின் ஒலிக்கும் செவி கொடுக்கும் என்கிறது அகநானூற்றின் 88ஆம் பாட்டு. வேட்டுவர் யாழை வாசித்து அதை வெளியே வரவழைத்து, மயங்கி நிற்கும்போது பறையை அறைந்து கொல்வார்களாம். இசைக்கு மயங்கும் பிறவியை இசைஞரே கொல்லலாம் என்ற அச்சம் நம் கவிதையில் எவ்வளவு பழையது என்று பாருங்கள்.

இவ்விரண்டுக்கும் அப்பால் ஒருவர் இருக்கிறார். காரைக்கால் அம்மையாரின் கணவன், மாம்பழ அற்புதத்தைக் கண்டு அவரை மானுடப் பெண் அல்லர் என்று அஞ்சி விலகிப் போய் வேறு மணம் செய்துகொண்டான். அம்மையார் கணவனுக்காகத் தாங்கிய அழகுடல் இனி வேண்டாமென்று பேய் வடிவை வேண்டிப் பெற்றார். அவருக்கு அது சாபமாக வரவில்லை, அவரே கேட்டுப் பெற்ற வரமாக வந்தது. நட்டபாடை, இந்தளம் என்னும் பண்களில் அவர் பாடிய திருவாலங்காட்டுப் பதிகங்களில் பேய்கள் நிறைந்த சுடுகாட்டின் நடுவே துத்தம், கைக்கிள்ளை, விளரி என்று சுரங்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. பாடுபவரும் பேயும் ஒருவரேயான இக்கதையை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். பொலன்னறுவையில் கிடைத்த அம்மையாரின் வெண்கலச் சிலை கொழும்பு தேசிய நூதனசாலைக்குரியது. மருதானையிலிருந்து அதிக தூரமில்லை. வற்றிய உடம்பையும் கையிலுள்ள தாளத்தையும் நின்று பாருங்கள். பேயை எப்படி வருணிப்பது என்பதற்கு அதைவிட நல்ல ஆசிரியர் கிடைக்கமாட்டார்.

வத்தளையிலிருந்து ஒரு தாய்: பதினேழு வயதான என் மகள் இரவுபகலாக இத்தகைய கதைகளையே வாசிக்கிறாள். சாபம் பெற்ற நாயகன் அவற்றில் நாயகியை அடைத்து வைக்கிறான், பின்தொடர்கிறான், கோபத்தில் பொருள்களை உடைக்கிறான். அவள் அவனுக்காக இரங்குகிறாள். நான் தடுக்க வேண்டுமா?

புத்தகத்தைப் பிடுங்க வேண்டாம், அம்மா. ஆனால் உங்கள் கவலை நியாயமானது. காதலில் அச்சமும் மயக்கமும் கலந்திருப்பதை நம் புலவர்கள் மறைத்ததில்லை. வள்ளுவர் காமத்துப்பாலைத் தொடங்கும்போதே காதலன், எதிரில் நிற்பவளை 'அணங்குகொல்' (வருத்தும் தெய்வப் பெண்ணோ) என்றுதான் முதலில் ஐயுறுகிறான். நற்றிணையின் 304ஆம் பாட்டில் வரும் பெண், தன் தலைவனின் மார்பு அசுணத்தைக் கொல்பவரின் கையைப் போல இன்பமும் துன்பமும் ஒருங்கே உடையது என்கிறாள். அவள் பேதை அல்லள். தனக்கு நேர்வதைத் தெளிவாகப் பார்த்து அதற்குப் பொருத்தமான உவமையும் சொல்கிறாள். உங்கள் மகள் வாசிக்கும் கதையில் நாயகிக்கு இந்தத் தெளிவு இருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

சாபம் ஒருவனுக்குத் துன்பத்தைத் தரும். பிறரைத் துன்புறுத்தும் உரிமையைத் தராது. முன்னே சொன்ன காஞ்சனனையே எடுத்துக்கொள்ளுங்கள். காயசண்டிகையின் உருவத்தில் இருந்த மணிமேகலையைத் தன் மனைவி என்று எண்ணி, அவளைத் தேடி வந்த சோழ இளவரசன் உதயகுமாரனைப் பொறாமையில் வாளால் வெட்டிக் கொல்கிறான். பன்னிரண்டு ஆண்டு காத்திருந்தவன் என்பதற்காகச் சாத்தனார் அவனை மன்னிக்கவில்லை. உதயகுமாரன் இறந்தது அவனது பழவினையால்தான் என்றாலும், கொன்ற வினை உன்னையும் விடாது என்று தூணில் உறையும் தெய்வமான கந்திற்பாவை அவனிடம் நேரே சொல்கிறது. காதலின் பெயரால் செய்த கொடுமைக்குக் கணக்கு உண்டு என்று எழுதும் துணிவு எந்தக் கதையில் இருக்கிறதோ அது நல்ல கதை.

மகளோடு சேர்ந்து ஓர் அத்தியாயத்தை நீங்களும் வாசியுங்கள். அவள் வேண்டாம் என்று சொன்ன இடத்தில் அவன் என்ன செய்தான் என்று மட்டும் கேளுங்கள். நீண்ட புத்திமதி தேவைப்படாது. சங்கப் பாட்டில் மகளின் காதலை அறியாமல், முருகன் வருத்துகிறான் என்று எண்ணி, முருக பூசாரியான வேலனை அழைத்து, ஆட்டுக்குட்டியைப் பலியிட்டு வெறியாட வைத்த தாய்மார் பலர். அவர்கள் மகளிடம் நேரே கேட்டிருந்தால் ஆட்டுக்குட்டியாவது பிழைத்திருக்கும்.

மட்டக்களப்பில் பிறந்து பம்பலப்பிட்டியில் வாழும் ஒரு வாசகர்: கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீன்களை வைத்து இத்தகைய கதை எழுதலாமா?

தாராளமாக எழுதலாம். விபுலாநந்த அடிகளே அந்த வாவியிலிருந்து எழும் ஓசைக்கு நீரில் வாழும் தெய்வப் பெண்களான நீரர மகளிரைக் காரணமாக்கிப் பாடியிருக்கிறார். நிலாக்காலத்தில் தோணியில் போய்த் துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையில் காதை வைத்துக் கேட்கும் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தச் செய்கையிலிருந்தே கதையைத் தொடங்குங்கள். காதலிக்கப் போகிறவனுக்கும் நீருக்கடியில் உள்ளவளுக்கும் இடையில் அந்தத் துடுப்பு மட்டும் இருக்கட்டும்.

கல்கிசையிலிருந்து ஒரு வாசகர்: குவேனியின் கதையைத் தமிழில் இவ்வகைக் கதையாக எழுத விரும்புகிறேன். அவளிடம் சாபம் இருக்கிறது. இசைக்கு எங்கே போவது?

இசை அவளைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறது, கவனியுங்கள். மகாவம்சத்தில் இயக்கர் குலத்துக் குவேனி மரத்தடியில் நூல் நூற்றுக்கொண்டிருக்கையில் அறிமுகமாகிறாள். விஜயனுக்குத் துணை நின்று இரண்டு பிள்ளைகளைப் பெற்றுக் கொடுத்தபின், மதுரையிலிருந்து பாண்டிய இளவரசி வருகிறாள் என்பதற்காகக் கைவிடப்படுகிறாள். தன் இனத்தாரிடம் திரும்பிப் போன இடத்தில் ஓர் இயக்கன் அவளைக் கொன்றுவிடுகிறான். அவளது சாபம் பிற்கால வழக்கில் சேர்ந்தது. அது விஜயனுக்குப் பின் ஆண்ட பண்டுவாசுதேவ மன்னனைப் பிடித்த நோயாக வந்தது என்றும், அதைத் தீர்க்கவே கொஹொம்ப கங்காரிய என்ற மலைநாட்டுச் சடங்கு தோன்றியது என்றும் சிங்கள மக்கள் சொல்வார்கள். இரவு முழுவதும் மேளமும் பாட்டும் ஆட்டமுமாக நடக்கும் சடங்கு அது.

உங்கள் இசைஞர் அங்கேதான் இருக்கிறார். கைவிடப்பட்டவளின் கோபத்தைத் தணிப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாக மேளம் தட்டும் குடும்பத்தில் பிறந்த ஒருவன், தான் யாரை விரட்டுகிறானோ அவள் பக்கமே நியாயம் இருக்கிறது என்று ஓர் இரவில் உணர்ந்தால் என்ன செய்வான்? விரட்ட வேண்டிய தாளத்தைத் தொடர்வானா, அவளுக்காக வேறொன்றை வாசிப்பானா? எழுதத் தொடங்குமுன் அச்சடங்கு நடக்கும் இடம் ஒன்றைக் கேட்டறிந்து, விடியும்வரை இருந்து பாருங்கள். ஆடுபவர்களைப் பார்ப்பதைவிட மேளக்காரரின் கைகளை அதிகம் பாருங்கள். சந்தேகம் வந்தால் காலையில் அவரிடமே கேளுங்கள். கதையின் முதல் அத்தியாயத்தை எழுதியதும் எங்களுக்கு அனுப்பி வையுங்கள்.